கத்தத் தெரியாதவர்களின் கிளிஞ்சல்

"நேத்து நான் நின்ன கல்லு நனைஞ்சு இருந்துச்சு. இன்னைக்குக் காஞ்சு கிடக்கு, பாத்தியா?"

கரையோரம் நின்ற கொக்கு ஒன்று பக்கத்துக் கொக்கிடம் இப்படிச் சொல்லிவிட்டு, ஒரு மீனைக் கொத்தி விழுங்கியது. "அட, ஆமா!" என்றது பக்கத்துக் கொக்கு. அதோடு இரண்டும் அந்தப் பேச்சை மறந்துவிட்டன.

கோரைப் புதருக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த பொட்டு மட்டும் மறக்கவில்லை.

பொட்டு ஒரு முக்குளிப்பான். வாத்துக் குஞ்சைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் நீர்ப்பறவை. அலகின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு இருந்ததால் அந்தப் பெயர். மகா கூச்ச சுபாவம். யாராவது ஏறிட்டுப் பார்த்தால் போதும், முளுக்கென்று தண்ணீருக்குள் போய்விடும்.

அதன் கூடு பாசியும் கோரையும் சேர்த்துப் பின்னிய மிதக்கும் கூடு. அதில் நாலு முட்டைகள். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை அந்தக் கூட்டுக்குக் கோட்டையும் வேண்டாம், அகழியும் வேண்டாம். ஆனால் தண்ணீர் இறங்கிவிட்டால்? கூடு சேற்றில் தட்டி நின்றுவிடும். கரையில் தினமும் உலாவும் கீரி கால்கூட நனையாமல் நடந்து வரும்.

அதற்கு மேல் நினைக்கப் பொட்டுவுக்குப் பிடிக்கவில்லை. குஞ்சு பொரிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

"என்னங்க, கொஞ்ச நேரம் முட்டையைப் பாத்துக்கோங்க" என்று துணையான கருக்கனிடம் சொல்லிவிட்டு, பொட்டு தண்ணீருக்குள் மூழ்கியது. கரையை ஒட்டியே அடியில் நீந்திப் பார்த்தது. ஓரிடத்தில் பாசியெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு நண்டு வளை. வளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னும் இரண்டு.

வளை வாசலில் வளையன் என்ற நண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

"அண்ணே... உங்க வளை வழியா தண்ணி வெளியே போகுது" என்றது பொட்டு, தண்ணீரைப் பார்த்தபடியே.

"என் வளை ஒரே ஒரு சாண்தாம்மா! இவ்வளவு பெரிய கரையில ஒரு சாண் வளையால என்ன ஆயிடும்?"

கரைக்கு அந்தப் பக்கம் வயல். அங்கிருந்து ஒரு வயல் எலி எட்டிப் பார்த்துக் கத்தியது: "என்னோடதும் ஒரு சாண்தான்!"

வளையனின் சாணும் எலியின் சாணும் கரைக்கு நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அது வளையனுக்கும் தெரியாது, எலிக்கும் தெரியாது.

"கொஞ்சம் வேற இடத்துல தோண்டினா..." என்று இழுத்தது பொட்டு.

"இங்க பாரு. இந்தக் குளத்துல யாருக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டாம். அவங்கவங்க இஷ்டம். அதுதானே நம்ம குளத்துப் பெருமை!"

அது உண்மைதான். அந்தக் குளத்துக்குத் தலைவர் கிடையாது, சட்டம் கிடையாது, கூட்டம் கிடையாது. மழைக்காலம் முழுக்க எல்லோரும் அப்படித்தான் சந்தோஷமாக இருந்தார்கள். பொட்டுகூடத்தான். நிறைந்த குளத்தில் யாருக்கு எந்தச் சட்டம் வேண்டியிருக்கிறது?

ஆனால் மழை ஓய்ந்துவிட்டது. தண்ணீர் இறங்க இறங்க, ஈர மண்ணைத் தேடி நண்டுகள் இன்னும் கீழே தோண்டின. கீழே தோண்டத் தோண்டத் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கியது. கூட்டுக்கும் காய்ந்த கரைக்கும் நடுவே முதலில் பத்து முழம் தண்ணீர் இருந்தது. பிறகு எட்டு. பிறகு ஆறு. கீரி கரையில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தது.

"உங்க கூடு ரொம்ப அழகு!" என்று ஒருநாள் பொட்டுவிடம் சொன்னது. "பக்கத்துல வந்து பாக்கணும்போல இருக்கு!"

இந்த நேரத்தில்தான் பனந்தோப்பிலிருந்து உடும்பு வந்தது.

"என்னய்யா குளம் நடத்துறீங்க? நாலு நாள்ல எல்லோரும் சேத்துலதான் நீந்தணும்! என்னை அரசனாக்குங்க. தண்ணி ஒரு சொட்டு வெளியே போகாது. ஒருத்தர் முட்டையையும் தொட மாட்டேன். சத்தியம்!"

எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள். சரி என்றார்கள்.

உடும்பு கெட்டது இல்லை. சொன்னதைச் செய்தது. முதல் நாளே நண்டுகளையெல்லாம் கரையிலிருந்து கிளப்பியது. எலிகளைத் துரத்தியது. வளைகளை மண் போட்டு மிதித்து அடைத்தது. தண்ணீர் நின்றது! எட்டு நாள் ஒரு விரல்கூட இறங்கவில்லை. முட்டைகளையும் அது தொடவே இல்லை. பார்த்து நாக்கை நீட்டும், அவ்வளவுதான்.

"பாத்தியா புள்ள, அரசர்னா இப்படித்தான் இருக்கணும்!" என்றது கருக்கன்.

ஒன்பதாம் நாள் காலையில் கூடு லேசாகத் தரை தட்டுவது பொட்டுவுக்குத் தெரிந்தது. மூழ்கிப் போய்ப் பார்த்தது. நண்டு வளைகள் அடைத்தபடியே இருந்தன. ஆனால் கரையின் நடுவில், தண்ணீர் மட்டத்தை ஒட்டினாற்போல், பானை வாய் அகலத்துக்குப் புதிதாக ஒரு பொந்து! உள்ளே குளுகுளுவென்று படுக்கையறை. அதுதான் அரசரின் அரண்மனை.

வளையனும் அதைப் பார்த்திருந்தது. நேராகப் போய், "அரசே, உங்க பொந்து..." என்று ஆரம்பித்தது. உடும்பு வாலைச் சுழற்றி ஒரே அடி! வளையன் மூன்று முழம் தள்ளிப் போய் மல்லாக்க விழுந்தது.

"வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டது உடும்பு.

பொட்டு பக்கத்தில்தான் இருந்தது.

"அரசே... வந்து... தண்ணி..."

"என்ன?" என்று திரும்பிப் பார்த்தது உடும்பு.

முளுக்!

தண்ணீருக்கு அடியில் பொட்டு ரொம்ப நேரம் இருந்தது. மேலே வந்தபோது உடும்பு போயிருந்தது. கருக்கன் நகர்ந்து இடம் கொடுத்தது. பொட்டு முட்டைகள்மேல் உட்கார்ந்தது. அவை வெதுவெதுப்பாக இருந்தன.

மறுநாள் உச்சி வெயில் நேரம். அரசர் அரண்மனையில் தூங்கிக்கொண்டிருந்தார். ஊறிப்போயிருந்த கரை பொதுக்கென்று சரிந்தது. தண்ணீர் பொந்துக்குள் திமுதிமுவென்று பாய்ந்து, அந்தப் பக்கமாக வெளியே கொட்டியது. படுக்கை, மண், அரசர் எல்லாம் ஒன்றாக உருண்டு வயலில் போய் விழுந்தன.

கரையில் உடைப்பு! குளமே அந்தப் பக்கம் சாயத் தொடங்கியது.

நல்லவேளை, வயலில் காரி என்ற எருமை மேய்ந்துகொண்டிருந்தது. புதிதாக வந்த சேற்றைப் பார்த்ததும் அதற்கு ஆனந்தம் தாங்கவில்லை. "அடடா, என்ன சுகம்!" என்று வந்து உடைப்பிலேயே சாய்ந்து படுத்துக்கொண்டது. தண்ணீர் தடைபட்டது.

"காரியக்கா, அப்படியே இருங்க! எழுந்திருக்காதீங்க!" என்று கொக்குகள் கத்தின.

"எனக்கென்ன, இருக்கேன். ஆனா பால் கறக்கிற நேரத்துக்கு நான் வீட்டுல இருக்கணும். பொழுது சாயறதுக்குள்ள ஏதாவது பண்ணிக்கோங்க" என்றது காரி.

வயலிலிருந்து உடும்பு ஏறி வந்தது. உடம்பெல்லாம் சேறு. வால் தொங்கிப்போயிருந்தது.

"என் பொந்து வழியாத்தான் தண்ணி போகுதுன்னு ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

"சொன்னேனே, வாலால அடிச்சீங்களே!" என்றது வளையன்.

உடும்பு தலையைக் குனிந்துகொண்டது. அதோடு அரசாட்சி முடிந்தது.

குளத்தில் முதல்முறையாகக் கூட்டம் கூடியது. நடுவில் இருந்த பாறைமேல் முழக்கன் தாவி ஏறியது. முழக்கன் பெரிய தவளை. அது கத்தினால் அடுத்த ஊர் ஏரியில் தவளைகள் பதில் சொல்லும்.

"இனி அரசரும் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம்! நாமே முடிவு பண்ணுவோம்! யார் பக்கம் சத்தம் அதிகமோ அவங்க சொல்றதுதான் முடிவு! சம்மதமா?"

"சம்மதம்! சம்மதம்!" என்று தவளைகள் கத்தின.

"நான் சொல்றேன், உடைப்பை அடைக்க வேண்டாம்! தண்ணி வயலுக்குப் போகட்டும்! அறுவடை முடிஞ்ச வயல், எங்க பாத்தாலும் பூச்சி! நாம எல்லோரும் அங்கேயே போயிடுவோம்! என்ன சொல்றீங்க?"

"போவோம்! போவோம்! போவோம்!"

காது கிழிந்தது. "அடைக்கணும்" என்று வளையன் சொன்னது பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை. ஆமைகள் வாயைத் திறந்து மூடின. மீன்கள் வாயைத் திறந்து மூடின. அவை எப்போதும் செய்வதும் அதுதான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

"முடிவாயிடுச்சு!" என்றது முழக்கன்.

பொட்டு கோரைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. கூச்சப்படுகிறவர்கள் பேசுவது குறைவு, பார்ப்பது அதிகம். பாறையைச் சுற்றிக் கத்திய தவளைகளுக்குப் பின்னால் இன்னொரு வரிசைத் தவளைகள் இருப்பதை அது பார்த்தது. பருமனான தவளைகள். ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. எல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீரில் தலைப்பிரட்டைகள் கறுப்புக் கறுப்பாக நெளிந்துகொண்டிருந்தன.

பொட்டு சத்தமில்லாமல் நீந்திப் போய், ஓரத்தில் இருந்த பச்சையாளிடம் கேட்டது. பச்சையாள் முழக்கனின் மனைவி.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் வயலுக்குப் போகலாம்கிறார். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பச்சையாள் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கேள்வியை அதனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"என் பிள்ளைகளுக்கு இன்னும் கால் முளைக்கலை. அதுங்க எப்படி வயலுக்கு வரும்?"

"அப்போ இதைச் சொல்லலாமே!"

"எதை வச்சுச் சொல்ல? தொண்டைப் பை ஆம்பளைங்களுக்குத்தானே இருக்கு. எங்களுக்குக் கத்த வராதே!"

பொட்டு பாறையைப் பார்த்தது. பாறைக்கும் அதற்கும் நடுவே எல்லோரும் பார்க்கும்படியாக நீளத் திறந்த தண்ணீர். அதன் கால்கள் மூழ்கு மூழ்கு என்றன. கோரைக்கு அப்பால் கீரி எழுந்து நின்று, ஒரு காலைச் சேற்றில் வைத்துப் பார்த்தது. சேறு தாங்கியது.

பொட்டு மூழ்கவில்லை. பாறைக்கு நீந்திப் போனது.

"நா... நான் ஒண்ணு சொல்லணும்."

"சத்தமாச் சொல்லு!" என்றது முழக்கன்.

"இதுக்கு மேல சத்தமா எனக்கு வராது. அதனாலதான் சொல்ல வந்தேன்" என்றது பொட்டு. கேட்பதற்காகக் கொக்குகள் கழுத்தை நீட்டின. தவளைகள்கூடக் கொஞ்சம் அடங்கின. "நாம சத்தத்தை எண்ணினோம். தலையை எண்ணலை. ஒருத்தருக்கு ஒரு கிளிஞ்சல் கொடுப்போம். பெரியவர், சின்னவர், கத்தத் தெரிஞ்சவர், தெரியாதவர், எல்லோருக்கும் ஒண்ணே ஒண்ணு. கோரைக்குப் பின்னால ரெண்டு உடைஞ்ச பானை கிடக்கு. அடைக்கணும்னு நினைக்கிறவங்க சிவப்புப் பானையில போடட்டும். வேண்டாம்னு நினைக்கிறவங்க கறுப்புப் பானையில போடட்டும். ஒவ்வொருத்தராப் போவோம். யார் எதுல போட்டாங்கன்னு யாரும் பாக்க வேண்டாம்."

முழக்கன் வயிறு குலுங்கச் சிரித்தது.

"ஏம்மா, இந்தக் குளத்துல எங்க கூட்டம்தான் பெருசு! எதை எண்ணினாலும் நாங்கதான் ஜெயிப்போம்! நல்லா எண்ணிக்கோ!"

"எனக்குமா கிளிஞ்சல் உண்டு?" என்று ஓரத்திலிருந்து தயங்கிக் கேட்டது உடும்பு.

"உண்டு" என்றது பொட்டு.

"அரசனா இருந்தவனுக்கு எத்தனை?"

"ஒண்ணு."

உடும்பு அதை வாங்கிக்கொண்டது.

ஒவ்வொருவராகக் கோரைக்குப் பின்னால் போய் வந்தார்கள். ஆமை போனது, அது வருவதற்குள் எல்லோருக்கும் பொறுமை போனது. கெளுத்தி மீன்கள் கிளிஞ்சலைக் கவ்விக்கொண்டு போயின. நண்டுகள் போயின. தவளைகள் தாவித் தாவிப் போயின. முன்வரிசைத் தவளைகள், பின்வரிசைத் தவளைகள், எல்லாம். காரி படுத்த இடத்திலிருந்தே, "எனக்கு வேண்டாம், நான் வெளியூரு" என்றது.

ஒரு கொக்கும் ஒரு தவளையும் சேர்ந்து எண்ணின. கறுப்புப் பானையில் நாற்பத்தொன்று. சிவப்புப் பானையில் எண்பத்து மூன்று.

"தில்லுமுல்லு!" என்று குதித்தது முழக்கன். "எங்க தவளைங்க மட்டுமே எண்பது பேர்! நாப்பத்தொண்ணு எப்படி வரும்? மறுபடி எண்ணுங்க!"

"மறுபடி எண்ண வேண்டாம்" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. பச்சையாள் முன்னால் வந்திருந்தது. "நான் சிவப்புப் பானையிலதான் போட்டேன்."

"நானும்" என்றது அதன் பின்னால் ஒரு தவளை.

"நானும்." "நானும்." குரல்கள் சின்னவைதான். ஆனால் வரிசை முடியவே இல்லை.

முழக்கனின் தொண்டைப் பை காற்றுப்போன பலூன்போலச் சுருங்கியது.

"இத்தனை நாளா என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கத்திக்கிட்டே இருந்தீங்க. நடுவுல எங்க சொல்றது?" என்றது பச்சையாள்.

அப்போது காரி முன்னங்காலை ஊன்றியது. "எனக்கு நேரமாச்சு, கண்ணுங்களா."

எல்லோரும் முழக்கனைப் பார்த்தார்கள். பொட்டுவும் பார்த்தது. கிளிஞ்சலை எண்ணியாகிவிட்டது. ஆனால் மண் சுமக்க முழக்கனின் நாற்பது பேரும் வேண்டும். தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டால், இருட்டுவதற்குள் உடைப்பை அடைக்க முடியாது. கூட்டில் இருக்கும் நாலு முட்டைகளின் கதியும் இப்போது அந்தத் தவளையின் கையில்தான் இருந்தது.

முழக்கன் ஒருமுறை வயலைப் பார்த்தது. ஒருமுறை பானைகளைப் பார்த்தது.

"இந்தத் தடவை எங்களுக்கு எண்ணிக்கை வரலை" என்றது. "அடுத்த பௌர்ணமிக்கு நான் மறுபடி கேட்கலாமா?"

"கேளுங்கண்ணே. அப்பவும் எண்ணுவோம்" என்றது பொட்டு.

"அப்போ சரி!" முழக்கன் பாறையிலிருந்து தாவி இறங்கி, வாய் நிறையச் சேற்றை அள்ளியது. அதன் நாற்பது பேரும் அள்ளினார்கள்.

பிறகென்ன! நண்டுகள் உள்ளே புகுந்து ஓட்டையின் அடியைக் கெட்டித்தன. உடும்பு தன் பலமான நகங்களால் களிமண்ணைப் பெயர்த்துக் கொடுத்தது. பொட்டுவும் கருக்கனும் மாறி மாறிக் கோரையும் பாசியும் கொண்டுவந்து திணித்தன. ஆமைகள் மேலே ஏறி நின்று மிதித்தன. காரி எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

நண்டுகள் எங்கே வளை தோண்டலாம் என்று மறுநாளே இன்னொரு முறை கிளிஞ்சல் போட்டார்கள். குளத்துக்கு நடுவில் இருந்த மேட்டுத் திட்டு என்று முடிவானது. வளையன் முணுமுணுத்துக்கொண்டே குடிபோனது. இரண்டே நாளில், "இங்க மண்ணு பரவாயில்லை" என்றது.

உடைப்பை அடைத்த இரவே ஒரு சிறு மழை பெய்தது; அந்தத் தண்ணீர் வெளியே ஓடாமல் நின்றது. கூடு மறுபடி மிதந்தது. ஐந்தாம் நாள் நாலு முட்டைகளும் பொரிந்தன. கோடு கோடாக உடம்பு கொண்ட நாலு குஞ்சுகள் கருக்கனின் முதுகில் ஏறிக்கொண்டு குளத்தைச் சுற்றிவந்தன. கீரி கொஞ்ச நாள் கரையில் உட்கார்ந்து பார்த்தது. பிறகு வேறு வேலை பார்க்கப் போய்விட்டது.

எண்ணப்படாத குரல் கரையை அரிக்கும். எண்ணப்பட்டுத் தோற்ற குரல்கூடக் கரையைக் காக்கும்.

பௌர்ணமியன்று காலை மறுபடி கூட்டம் கூடியது. வயலுக்குச் சின்னதாக ஒரு வாய்க்கால் மட்டும் வெட்டலாமா என்று முழக்கன் கேட்டது. கேட்டுவிட்டுப் பாறையைவிட்டு இறங்கியது. ஒரு கிளிஞ்சலை வாயில் கவ்விக்கொண்டு, வரிசையில் பச்சையாளுக்குப் பின்னால் போய் நின்றது.